ஜேம்ஸ் எல். புரூக்ஸின் 'ஹவ் டூ யூ நோ': இவ்வளவு பேர் சேர்ந்தும் ஏன் ஒட்டவில்லை?

திரைச்சீலை:

ஜேம்ஸ் எல். புரூக்ஸ் 15 வருடம் கழித்து மறுபடி இயக்கிய 'எல்லா மெக்கே' 2025 டிசம்பரில் வந்தது. அப்போதுதான் அதற்கு முந்தைய படத்தை நான் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. 2010-இல் வந்த 'ஹவ் டூ யூ நோ'. போன சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழை.

எனக்குப் புரூக்ஸ் என்றால் உயிர். 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தைக் கல்லூரி விடுதியில் கீறல் விழுந்த ஒரு சிடியில் பார்த்தேன். நடுவில் நின்றுவிடும். வெளியே எடுத்து, சட்டைத் துணியால் துடைத்து, மறுபடி போட்டு, நாலு பேர் விடியும்வரை பார்த்தோம். முன்கோபக்காரக் கிழ எழுத்தாளரும் ஆஸ்துமாப் பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடும் உணவக ஊழியரும். ஏழாம் பொருத்தம் என்பார்களே, அதற்கு இலக்கணமான ஜோடி. ஆனாலும் கடைசியில் இருவரும் சேர வேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் தவித்தோம்.

'ஹவ் டூ யூ நோ' கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிசா (ரீஸ் விதர்ஸ்பூன்) அமெரிக்க சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, அதைவிடப் பெரிய பந்தில் ஆடுவது) அணியில் ஆடுகிறவள், வயது 31. புது அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வாழ்க்கை முழுக்க ஒன்றைத்தான் செய்தாள், அது ஒரே நாளில் போய்விட்டது. ஜார்ஜ் (பால் ரட்) அப்பாவின் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அங்கே நடந்த மோசடி ஒன்றில், தான் செய்யாத தப்புக்கு அரசு வழக்கில் மாட்டிக்கொள்கிறான். வேலை போகிறது, காதலி போகிறாள், வீடும் போகிறது. இருவரும் அவரவர் வாழ்க்கையின் ஆக மோசமான நாளில், ஒரே மேசையில் சாப்பிட உட்காருகிறார்கள். குறுக்கே மேட்டி (ஓவன் வில்சன்). பேஸ்பால் நட்சத்திரம், பணக்காரன், பெண்கள் விஷயத்தில் விளையாட்டுப் பிள்ளை. லிசா அவனோடுதான் வசிக்கிறாள். ஜார்ஜின் அப்பாவாக ஜாக் நிக்கல்சன். வாஷிங்டன் நகரம், யானுஷ் கமின்ஸ்கியின் ஒளிப்பதிவு, ஹான்ஸ் சிம்மரின் இசை.

பெயர்களை மட்டும் வாசித்தாலே வயிறு நிறைந்துவிடும். படம் முடிந்தபோது எனக்கு நல்ல கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பின மாதிரி இருந்தது. மோசமான படம் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. தனித்தனியாக எடுத்தால் நாலைந்து காட்சிகள் அருமை. சேர்த்தால் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று பேசலாமா?

கணக்குப்பிள்ளை:

நான் சினிமா வியாபாரக் கணக்குகளைத் தொடர்ந்து படிக்கிறவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்கு வரலாம்.

செலவு 12 கோடி டாலர். வெடிகுண்டு இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை, நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற படத்துக்கு 12 கோடி. அன்றைக்குப் பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி ரீஸ் விதர்ஸ்பூனுக்கு 1.5 கோடி, நிக்கல்சனுக்கு 1.2 கோடி, ஓவன் வில்சனுக்கு 1 கோடி, இயக்குநருக்கும் ஏறக்குறைய 1 கோடி. பால் ரட்டுக்கு மட்டும் 30 லட்சம். கூட்டினால் 5 கோடி. உலகம் முழுக்க அந்தப் படம் வசூலித்ததே 5 கோடிக்குச் சற்றுக் குறைவுதான். அந்த ஐந்து பேர் சம்பளத்துக்கே வசூல் காணவில்லை.

அதே புரூக்ஸ் 1997-இல் 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' எடுத்தபோது செலவு 5 கோடி, வசூல் 31 கோடிக்கு மேல். அந்த நம்பிக்கையில்தான் ஸ்டூடியோ பையைத் திறந்துவிட்டிருக்கும். வெளியான நாளும் சரியில்லை. 2010 டிசம்பர் 17. அதே வெள்ளிக்கிழமை 'டிரான்: லெகசி'யும் 'யோகி பேர்' படமும் வந்தன. அடுத்த புதன்கிழமை 'லிட்டில் ஃபாக்கர்ஸ்', 'ட்ரூ கிரிட்'. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் இந்தப் படத்துக்கு நிற்கவே இடமில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எதிர்பார்ப்பு என்று நாம் பேசுவதில் பாதி இந்தப் பணத்தால் வந்தது. இதே திரைக்கதையைப் பெயர் தெரியாத இரண்டு பேரை வைத்து 50 லட்சத்தில் எடுத்திருந்தால், "அட, நல்ல சின்னப் படம்" என்று நாமே தேடித் தேடிப் பரிந்துரைத்திருப்போம்.

கடலோடி:

கணக்குப்பிள்ளை சொல்வது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் திரைச்சீலை சனிக்கிழமை ராத்திரி வீட்டில் தனியாகப் பார்த்திருக்கிறார். அவருக்கு 12 கோடியும் ஒன்றுதான், 12 ரூபாயும் ஒன்றுதான். அவருக்கே ஒட்டவில்லையே!

நான் கொஞ்சம் மாற்றுக் கட்சி. அந்த முதல் சாப்பாட்டுக் காட்சிக்காக மட்டுமே இந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஜார்ஜ் தன் கஷ்டத்தைப் புலம்பத் தொடங்குகிறான். லிசா, பேசாமல் சாப்பிடலாமா என்று கேட்கிறாள். அதன் பிறகு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மெல்லுகிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், மறுபடி தட்டைப் பார்க்கிறார்கள். பால் ரட்டின் முகத்தைக் கவனியுங்கள். முதலில் சங்கடம், அப்புறம் ஒரு நிம்மதி, கடைசியில் அந்த நிம்மதிக்காக அவளிடம் ஒரு நன்றி. வசனமே இல்லாமல் மூன்றும் வந்து போகும். காதல் நகைச்சுவைப் படம் என்றாலே ஆளுக்கு ஆள் வெடுக் வெடுக்கென்று பேச வேண்டும் என்று இருந்த காலத்தில், வசனத்துக்குப் பேர்போன ஒரு இயக்குநர் அப்படி ஒரு காட்சி வைத்திருக்கிறார்.

செட்டர்:

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் வாலிபால் ஆடினவள், அடிக்கிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற இடத்தில். இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் யாராவது பேசுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக அணிக்கு மூன்று வருடம் ஆடினேன். நாலாவது வருடம் பட்டியலை உடற்கல்வித் துறை அறைக்கு வெளியே ஒட்டினார்கள். டைப் அடித்த தாள், நாலு மூலையிலும் பசை. 12 பெயர். நான் மேலிருந்து கீழே படித்தேன். அப்புறம் கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை. என்னைவிட இரண்டு அங்குலம் உயரமான முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியை எடுத்திருந்தார்கள். அவள் என் பின்னால் நின்று அதே தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். நான் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பயிற்சியாளர் அதற்கு முன்பும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பின்பும் சொல்லவில்லை.

அதனால் லிசாவின் பெயர் இல்லாமல் போகிற கட்டம் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குளியலறைக் கண்ணாடி முழுக்க மஞ்சள் துண்டுத் தாள்களில் உற்சாக வாசகங்கள் ஒட்டி வைத்திருக்கிறாள் பாருங்கள், நாங்கள் எல்லோரும் அதைச் செய்திருக்கிறோம். நான் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன்.

புரூக்ஸ் 2005-இல் இந்தப் படத்துக்கான வேலையைத் தொடங்கி, விளையாட்டு வீராங்கனைகளோடு மணிக்கணக்கில் பேசினார் என்று படித்திருக்கிறேன். அது தெரிகிறது. ஆனால் பேசினதெல்லாம் முதல் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு லிசா எந்த வேலை போன பெண்ணாகவும் இருக்கலாம். வங்கியில் வேலை போனவள், பள்ளிக்கூடத்தில் வேலை போனவள், யாராக இருந்தாலும் கதை மாறாது. விளையாடின உடம்புக்கு என்று ஒரு துக்கம் உண்டு. காலையில் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும், போக இடம் இருக்காது. நான் ஒரு வருடம் அப்படி மொட்டை மாடியில் நடந்தேன். அது எங்கே இந்தப் படத்தில்?

இன்னொன்றும் கேளுங்கள். சாஃப்ட்பால் 1996-இல் அட்லாண்டாவில்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 96, 2000, 2004 மூன்றிலும் அமெரிக்காவுக்கே தங்கம். 2005 ஜூலையில் சிங்கப்பூரில் கூடின ஒலிம்பிக் கமிட்டி, 2012 முதல் அந்த விளையாட்டையே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு நீக்கியது. 2008 பெய்ஜிங் இறுதிப் போட்டியில் அமெரிக்கா ஜப்பானிடம் தோற்றது. அதோடு முடிந்தது. மறுபடி டோக்கியோவில்தான் வந்தது. அதாவது இந்தப் படம் வந்த 2010-இல் ஒரு அமெரிக்க சாஃப்ட்பால் பெண்ணின் நிலைமை என்ன? அணியில் இடம் கிடைத்தவளுக்கே ஒலிம்பிக் கிடையாது. புரூக்ஸ் வேலையைத் தொடங்கின அதே வருடம் எடுத்த முடிவு இது. எவ்வளவு பெரிய கதை கையில் கிடந்திருக்கிறது! மேட்டிக்கு அணியில் இடம் போனால் அடுத்த அணி, அடுத்த ஒப்பந்தம் என்று கோடிக்கணக்கில் போகும். லிசாவுக்கு அவள் விளையாட்டின் கதவையே சாத்திவிட்டார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த ஏற்றத்தாழ்வை அவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் போதும், எனக்கு.

திரைச்சீலை:

செட்டர் அக்கா, நீங்கள் அந்தத் தாளை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். சாஃப்ட்பால் நீக்கப்பட்ட விஷயம் எனக்குத் தெரியாது. அது தெரிந்த பிறகு படம் இன்னும் வெறுமையாகத் தெரிகிறது.

கடலோடி சொன்ன சாப்பாட்டுக் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் என் குறையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொருந்தாத ஜோடி என்று விளம்பரம் செய்தார்கள். இவர்கள் எங்கே பொருந்தவில்லை? இருவருக்கும் அடி ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. இருவரும் நல்லவர்கள். இருவருமே அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர்கள். முதல் சந்திப்பிலேயே பேசாமல் உட்கார்ந்து சாப்பிட முடிகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன பொருத்தம் பார்க்க வேண்டும்? பத்துப் பொருத்தமும் அந்த மேசையிலேயே முடிந்தது. மிச்சம் ஒன்றரை மணி நேரம் மேட்டியை எப்படி வழியிலிருந்து நகர்த்துவது என்பது மட்டும்தான் கதை.

'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தை யோசித்துப் பாருங்கள். அந்த எழுத்தாளன் மெல்வின் நடைபாதைக் கோடுகளை மிதிக்க மாட்டான். சொந்தமாக பிளாஸ்டிக் கரண்டி கொண்டுவந்துதான் சாப்பிடுவான். ஒரே மேசை, பரிமாற ஒரே பெண். அந்தப் பெண்ணிடம் அவள் பிள்ளையைப் பற்றியே நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறான். அப்படிப்பட்டவன் பிற்பாடு அவளிடம், நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டேன் என்கிறான். மாத்திரை என்றாலே அவனுக்கு வெறுப்பு. அவள் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல் என்று கேட்டபோது அவன் சொல்லும் பதில் அது. உனக்காக என் சுபாவத்தோடு சண்டை போடுகிறேன் என்பதை அதைவிட எப்படிச் சொல்வது?

லிசாவுக்காக ஜார்ஜ் எதை விட்டான்? எதுவும் இல்லை. அவனிடம் இருந்ததெல்லாம் அவளைப் பார்க்கும் முன்பே போய்விட்டது. லிசா அவனுக்காக எதை விட்டாள்? மேட்டியை. அவனோடு அவள் முழு மனதாக ஒருநாளும் இருக்கவில்லை. காதலுக்கு இரண்டு பேருமே பைசா செலவழிக்கவில்லை, அதனால்தான் சேரும்போது நமக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பனங்காடு:

மேட்டிக்காக ஒரு வார்த்தை. படத்தில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் அவன்தான். வீட்டில் தங்கிப் போகும் பெண்களுக்காக அலமாரியில் எல்லா அளவிலும் புது உடைகள், பிரிக்காத பல் துலக்கிகள் அடுக்கி வைத்திருக்கிறான். லிசா அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. உபசாரம் என்று நினைத்துத்தான் அதைச் செய்திருக்கிறான். லிசாவும் மேட்டியும்தான் உண்மையான ஏறுக்கு மாறு. கதை அவர்களைப் பற்றி இருந்திருக்க வேண்டும்.

மல்லி:

பனங்காடு சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜார்ஜின் செக்ரட்டரி ஆனியை விட்டுவிட்டீர்களே! கேத்ரின் ஹான்.

நிறைமாதக் கர்ப்பிணி. கம்பெனிக்காரர்கள் ஜார்ஜோடு பேசக்கூடாது என்று அவள் வாயைக் கட்டிவிடுகிறார்கள். அவளுக்கு உண்மை தெரியும், சொல்ல முடியாது. அழுகையும் கோபமுமாக அவன் வீட்டுக்குச் சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு வருகிறாள். வேலை போனவன் வீட்டுக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்கிற ஒரு மனுஷி. அவள் வந்தாலே படத்துக்கு ரத்த ஓட்டம் வந்துவிடும்.

குழந்தை பிறந்த பிறகு ஆஸ்பத்திரி அறைக் காட்சி. அவளோடு வாழ்கிற அல், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்க வருகிறான். பெரிய அழகன் இல்லை, படிப்பாளி மாதிரியும் தெரியவில்லை. கேமராவை ஜார்ஜ் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறான். உளறல்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அடிவயிற்றிலிருந்து வருகிறது. அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முடிந்த பிறகு பார்த்தால், ஜார்ஜ் கேமராவைச் சரியாக இயக்கவில்லை. எதுவுமே பதிவாகவில்லை.

இந்த இடத்தில் சாதாரண இயக்குநர் ஒரு சிரிப்போடு விட்டுவிடுவார். புரூக்ஸ் என்ன செய்கிறார் பாருங்கள். மறுபடி முதலிலிருந்து நடிக்கச் சொல்கிறார். லிசாதான் எடுத்துக் கொடுக்கிறாள், அடுத்து நீ இதைச் சொன்னாய், பிறகு இதைச் சொன்னாய் என்று. அடுத்தவன் காதலில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் படம் முழுக்க அலைகிறவள், அந்த அறையில் மட்டும் ஒரு அணித் தலைவி மாதிரி நிற்கிறாள்.

எனக்கு ஆனியும் அல்லும்தான் இந்தப் படத்தின் காதல் ஜோடி. அவர்களிடம் பணம் இல்லை, நேரம் இல்லை, மடியில் பச்சைக் குழந்தை, வேலை போகும் பயம். ஆனாலும் கேட்கிறான், அவளும் சரி என்கிறாள். கதாநாயகனும் நாயகியும் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஜார்ஜ்–லிசா கதைக்குத் திரும்பினால் சாயம் போன துணி மாதிரி இருக்கிறது.

கடலோடி:

மல்லி, அந்தக் காட்சியை நீங்கள் சொன்ன பிறகு என் கட்சி பலவீனமாகிறது. லிசா எடுத்துக் கொடுப்பதை நான் வெறும் வேடிக்கையாகவே பார்த்திருக்கிறேன், இத்தனை நாள்.

ஆனால் மனநல மருத்துவரிடம் போகும் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டோனி ஷலூப் நடித்தது. லிசா உள்ளே போய் உட்கார்ந்த உடனே இது எனக்குச் சரிப்படாது என்று எழுந்துவிடுகிறாள். கதவு வரை போய்த் திரும்பி, யாருக்கும் எப்போதும் உதவுகிற மாதிரி பொதுவாக ஒன்று சொல்ல முடியுமா என்று கேட்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடி, அதைக் கேட்கக் கற்றுக்கொள் என்கிறார் அவர். இரண்டுமே கஷ்டமாச்சே என்கிறாள். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்குமா? படத்தின் அஸ்திவாரமே அதுதான்.

கணக்குப்பிள்ளை:

அஸ்திவாரம் அது என்றால் வீடு எங்கே, நண்பரே? மருத்துவர் அப்படிச் சொல்வது சரி, அது அவர் தொழில். ஆனால் இந்தப் படத்தில் ஜார்ஜும் அப்படித்தான் பேசுகிறான், லிசாவும் அப்படித்தான் பேசுகிறாள், மேட்டிகூட ஒரு கட்டத்தில் அப்படிப் பேசுகிறான். எல்லோரும் தங்கள் மனதைத் தாங்களே ஆராய்ந்து அடுத்தவரிடம் அறிக்கை வாசிக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தால் யாரும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டோம். டம்ளரை நங்கென்று வைப்போம், டிவி சத்தத்தைக் கூட்டுவோம். அதிலிருந்து அடுத்தவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆற்றங்கரை:

நான் இந்த மன்றத்தில் வாசிப்பதோடு சரி, எழுதினதில்லை. நிக்கல்சன் நடித்த அப்பா பாத்திரத்தைப் பற்றி யாருமே பேசாததால் எழுதுகிறேன்.

கதைப்படி தப்புச் செய்தவர் அப்பா சார்லஸ். ஏற்கெனவே ஒரு தண்டனை பெற்றவர் என்பதால், இந்த முறை மாட்டினால் மிச்ச ஆயுளும் சிறையில்தான். மகன் ஏற்றுக்கொண்டால் சில வருடங்களோடு போய்விடும். அதனால் மகன் மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார், அப்புறம் வாய்விட்டே கேட்கிறார். மகன் மேல் பாசம் இல்லாதவர் இல்லை. பாசத்தோடுதான் கேட்கிறார். அதுதான் கொடுமை.

எனக்கு 23 வயதில் அப்பா ஒரு கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னார். முதல் சம்பளம் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. "உன் பேர் சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்டா, நான் கட்டிடுவேன்" என்றார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். ஏழு இடம். நான் ஒவ்வொன்றாகப் போடும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறு வருடம் அந்தக் கடனை நான்தான் கட்டினேன். அந்த ஆறு வருடத்தில் வந்த இரண்டு பெண் வீட்டுக்காரர்கள் கடன் விஷயம் தெரிந்து பின்வாங்கினார்கள். அப்பா இப்போது இல்லை. எனக்கு அவர் மேல் கோபமும் இல்லை. ஆனால் அந்தக் காபி ஆற்றும் சத்தம் போகவில்லை.

அதனால் இந்தப் படத்தை நான் காதல் படமாகப் பார்க்கவே இல்லை. அப்பனும் பிள்ளையும் என்றுதான் பார்த்தேன். நிக்கல்சன் மகனிடம் கேட்கும் காட்சியில் குரலை உயர்த்துகிறார், கெஞ்சுகிறார், நடுவில் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு புரூக்ஸ் எங்கேயோ போயிருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி உச்சத்தை எட்டும்போதெல்லாம் வெட்டிவிட்டு மேட்டியின் மாடி வீட்டுக்கு, பார்ட்டிக்கு, லிஃப்டுக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு நிக்கல்சன் வேறு படமும் நடிக்கவில்லை. அவருடைய கடைசி வேடம் இப்படிப் பாதியில் நிறுத்தின வேடமாகப் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மல்லி:

ஆற்றங்கரை அண்ணா, எழுதினதற்கு நன்றி. இனிமேல் அந்தக் காட்சியை நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

திரைச்சீலை:

ஆற்றங்கரை சொன்னதும் முடிவுக் காட்சி எனக்கு இன்னும் இடிக்கிறது. லிசாவின் பிறந்தநாள் பார்ட்டி. ஜார்ஜ் அப்பாவிடம் ஒரு பந்தயம் மாதிரிச் சொல்லிவிட்டு மேலே போகிறான். அவள் என்னோடு வந்தால் உன் பாட்டை நீ பார்த்துக்கொள், வராவிட்டால் உனக்காக நான் சிறைக்குப் போகிறேன் என்று. அப்பா தெருவில் நின்று காத்திருக்கிறார். அப்பாவின் மிச்ச வாழ்க்கை ஒரு பெண் சரி சொல்வதைப் பொறுத்து நிற்கிறது, அந்த விஷயம் அந்தப் பெண்ணுக்கே தெரியாது! இதைக் கடைசி இருபது நிமிடத்தில் கொண்டுவந்து திணித்தால் எப்படி? இடைவேளையிலேயே வைத்திருந்தால் ஜார்ஜ் லிசாவிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் கனத்திருக்கும். அவன் உண்மையில் காதலிக்கிறானா, சிறைக்குப் பயந்து காதலிக்கிறானா என்று நமக்கும் அவனுக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

கடலோடி:

அந்தப் பார்ட்டியில் கொடுக்கிற பரிசைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேட்டி விலை உயர்ந்த பரிசு கொடுக்கிறான். ஜார்ஜ் கொடுப்பது பிளே-டோ. குழந்தைகள் பிசைந்து விளையாடுகிற மாவு டப்பா. அது முதலில் வேறொன்றுக்காகச் செய்த பொருள், சின்ன மாற்றத்தில் இப்படி ஆனது என்று அவளுக்குச் சொல்கிறான்.

படம் பார்த்த பிறகு அந்தக் கதையைத் தேடிப் படித்தேன், உண்மைதான். சின்சினாட்டியில் குட்டோல் என்ற கம்பெனி. வீடுகளில் நிலக்கரி அடுப்பால் சுவர்க் காகிதத்தில் படியும் கரியை ஒற்றி எடுக்க இந்த மாவைத்தான் செய்து விற்றார்கள். போருக்குப் பிறகு எரிவாயு அடுப்பு வந்தது, கழுவக்கூடிய வினைல் சுவர்க் காகிதமும் வந்தது. கரியும் இல்லை, வியாபாரமும் இல்லை. கம்பெனி மூழ்கும் நிலை. உரிமையாளர் வீட்டு உறவில் கே ஜூஃபால் என்று ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளிடம் இந்த மாவைக் கொடுத்துப் பார்க்கிறார், அதுகள் பொம்மை செய்து தள்ளுகின்றன. அவரும் கணவரும்தான் பிளே-டோ என்ற பெயரையும் யோசித்தது. 1956-இல் பொம்மைக் கடைக்கு வந்தது.

அணியிலிருந்து நீக்கப்பட்ட ஒருத்தியின் கையில் அந்த டப்பாவை வைப்பது எவ்வளவு அழகான யோசனை! செய்ய வந்த வேலை உலகத்துக்கு வேண்டாம் என்றாகிவிட்ட பொருள். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. அதற்குப் பிறகு பேருந்து நிறுத்தத்தில் இருவரும் உட்காருவதும் பிடித்தது. திரைச்சீலை சொன்ன எல்லாக் குறையையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன், அந்த டப்பாவுக்காக நான் நாலாவது முறையும் பார்ப்பேன்.

பனங்காடு:

அந்த மாவுக் கதையை லிசாவே தன் விளையாட்டோடு சேர்த்து ஒரு முடிவு எடுக்கிற மாதிரி கொண்டுபோயிருந்தால்? பள்ளியில் பயிற்சியாளராகப் போகலாம், வேறு ஏதாவது செய்யலாம். படம் முடியும்போது அவளுக்கு ஒரு காதலன் கிடைத்திருக்கிறான். நாளைக் காலை எழுந்து என்ன செய்யப் போகிறாள் என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

செட்டர்:

பனங்காடு கேட்டதைத்தான் நானும் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று மறுபடி பார்த்தேன், இந்த முறை மகளோடு. அவளுக்கு 13 வயது, பள்ளியில் எறிபந்து ஆடுகிறாள்.

முதல் காட்சி வருகிறது இல்லையா, குட்டி லிசா பந்தை அடித்துத் தள்ளுவதும் ஒரு பையன் அவளைப் பிடித்துக் கீழே தள்ளுவதும். மகள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பட்டியல், கண்ணாடியில் ஒட்டின தாள்கள், மருத்துவர், சாப்பாட்டு மேசை என்று போகப் போகப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டி வீட்டு லிஃப்டில் மூன்றாவது முறையோ நாலாவது முறையோ எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பி, "அம்மா, இவ மறுபடி எப்போ விளையாடுவா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்துபோய்ப் பந்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சுவரில் பந்து பட்டுத் திரும்புகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. மிச்சப் படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன்.